வாயும் வயிறும் காலும்

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்களின் கவனமெல்லாம் அவள் தட்டின் மேல் குவிந்துவிடுகிறது. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், எதை ஒதுக்கினாள். திருவிடந்தையில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அப்படித்தான். என் மாமியார் தினமும் முருங்கைக்கீரை ஆய்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா மாங்காய் கொண்டுவந்தார். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா, "உனக்குன்னே எடுத்து வச்சேன் கண்ணு" என்று நெத்திலியில் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். அந்த அன்பை இன்றைக்கும் மனம் நிறைய நினைக்கிறேன். ஆனால் காலையில் எப்படி வேலைக்குப் போகிறாய், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் மகள் பிறந்து வளர்ந்த இத்தனை வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் நித்யகல்யாணப் பெருமாள்தான். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்துகொண்டு, கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் ஏந்திக்கொண்ட வராகர். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வந்து மாலை சாத்துகிறார்கள். திரும்பக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்த வாடிய மாலையை எடுத்துக்கொண்டு ஜோடியாகத் திரும்பி வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஒரு கல்யாணம் நடக்க ஊர், உறவு, தெய்வம் எல்லாம் துணை நிற்கின்றன. அதற்கு அடுத்த வருடம், அதே பெண் வயிற்றில் பிள்ளையோடு காலை ஏழு மணிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது துணை யார்?

இந்தப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ரிசார்ட்டுகளில் அறை சுத்தம் செய்பவர்கள், கடலோர பங்களாக்களில் வீட்டு வேலை பார்ப்பவர்கள், கேளம்பாக்கத்தில் துணிக்கடை, மருந்துக்கடை, சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் வேலை. நான் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனேன். கோவளம் வரை ஒரு வண்டி, அங்கிருந்து கேளம்பாக்கத்துக்கு இன்னொன்று, அப்புறம் ஷேர் ஆட்டோ. தூரம் பெரிய தூரமில்லை. ஏறி இறங்குவதும் நிற்பதும்தான் பாடு.

முதல் மூன்று மாதம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. மசக்கை. வெங்காயம் வதங்குகிற வாடை, குக்கரில் சோறு வேகும் ஆவி, வெயிலில் காயும் கருவாடு, ஷேர் ஆட்டோவின் டீசல் புகை, எதுவும் ஆகவில்லை. மாமியார் சுடச்சுட வடித்துப் போட்ட சோறு இறங்கவில்லை. ஆறிப்போன தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் இறங்கின. சூடு ஆறினால் வாடை அடங்கும் என்பதால்தான் அப்படி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் ஒரு பிடி பொரி, பையில் எப்போதும் பொட்டுக்கடலை, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாமல் இருப்பது. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதார செவிலியர். "வேணாம்னு தோணறதை வேணாம்னு வச்சிடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

மசக்கை மனசைப் பொறுத்தது, பழகினால் போய்விடும் என்று பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்காவில் மர்லேனா ஃபெஸோ என்ற மரபணு ஆய்வாளர் 1999-இல் கர்ப்பமாக இருந்தபோது ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். கவனம் ஈர்க்க மிகைப்படுத்துவதாக மருத்துவர் சொன்னார். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதன்பின் அவர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையையே இதற்குக் கொடுத்தார். அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ'ராஹிலி குழுவும் சேர்ந்து 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டியது. ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோன் கருவின் பக்கமிருந்து தாயின் ரத்தத்தில் கலந்து மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்த பெண்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. எத்தனை பேரிடம் எத்தனை பெண்கள் "நடிக்கிறா" என்ற பேச்சை வாங்கியிருப்பார்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் வெளியே சொல்லவும் கூடாது. கண்ணு பட்டுவிடும் என்பார்கள். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது: கர்ப்பம் கலைவதில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது, சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்று சொல்வது பெரிய துக்கம். ஆகவே சொல்லாமல் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளைவு என்ன? உடம்பு மிகவும் தள்ளாடும் நாளில் வயிறு தெரிவதில்லை. வயிறு தெரியாததால் பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் விடுவதில்லை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றுகிறது. இதெல்லாம் தொடங்குவது வளைகாப்புக்கு வெகு முன்னால்.

லண்டன் போக்குவரத்துத் துறை 2005-இல் கர்ப்பிணிகளுக்கு ஒரு சட்டைவில்லை கொடுத்தது. ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2006-இல் தாய்மைச் சின்னம் ஒன்றை வெளியிட்டது. பெண்கள் கைப்பையில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். வாய் திறந்து கேட்காமலே இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்த எத்தனையோ பெண்களை அது வேலையில் நிறுத்தியது. அதன் அருமையை நான் நேரில் பார்த்தவள். இனி உட்கார ஓர் இடமும் உறுதியாக வேண்டும்.

கச்சிப்பேட்டு நன்னாகையார், நம் காஞ்சிபுரத்துப் புலவர், குறுந்தொகையின் 287-ஆம் பாட்டில் கடல்நீரைக் குடித்துச் சூல்கொண்டு மலையேறும் மேகத்தைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஒப்பிடுகிறார். பச்சைப் புளிக்கு ஏங்குவதை மட்டும் அவர் சொல்லவில்லை. பாரம் தாங்கித் தளர்ந்து நடக்க முடியாமல் போவதையும் சேர்த்தே சொல்கிறார். வாயின் ஆசையையும் காலின் தளர்ச்சியையும் ஒரே மூச்சில் பார்த்த கண் அது. நாம் புளியைப் பிடித்துக்கொண்டு நடையை விட்டுவிட்டோம்.

எங்கே விட்டோம் என்று யோசித்தால் எனக்குத் தெரிவது இது. தட்டில் வைப்பதெல்லாம் குழந்தைக்குப் போகிறது என்று நினைக்கிறோம். "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்கிறோம். உண்மையில் கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் ஒரு டம்ளர் பாலும் போதும். குங்குமப்பூ குழந்தையின் நிறத்துக்கு என்று தருகிறார்கள். நிறத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பிறக்காத பெண்ணின் நிறத்தைப் பற்றி இப்போதே கவலைப்படுவது எனக்கு வலிக்கிறது. இன்னொரு பக்கம், தேவையான விஷயங்கள் பேச்சில் வருவதில்லை. சத்து மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் போடக்கூடாது. சுறா மாதிரிப் பெரிய மீனில் பாதரசம் தங்கும். நெத்திலியும் மத்தியும் நல்லது. மீன்காரம்மா எனக்குக் கொடுத்தது ஆகச் சரியான மீன்.

சரி, சமைப்பது யார்? கீரை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆய்வதும் தாளிப்பதும், அந்தத் தாளிப்பு வாடையில் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி கரண்டி பிடிப்பதும் பல வீடுகளில் அவளேதான். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். மாசமாக இருப்பதால் அந்த 299 குறைந்துவிடுவதில்லை. எனக்கு மாமியார் இருந்தார். அவருக்கு முடியாத நாளில் என் கணவர் அடுப்படிக்கு வந்தார். முதலில் ரசம் மட்டும், பிறகு எல்லாமே. கீரையை விட அது எனக்கு அதிகம் தெம்பு கொடுத்தது என்று தயங்காமல் சொல்வேன். சாப்பிடக் கொடுப்பதற்கு அன்பு போதும். அடுப்பை வாங்கிக்கொள்வதற்கும், பஸ்ஸில் எழுந்து நிற்பதற்கும், ஆபீஸ் நேரத்தை மாற்றுவதற்கும் தன்னுடையதில் ஒன்றை விட்டுத்தர வேண்டும். கேட்கத் தோன்றாமல் போவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டால் செய்ய வேண்டிவருமே.

அரசும் பெரும்பாலும் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். அது ஏழை வீட்டுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். பிரசவ வலி எடுத்தால் 108 வருகிறது. பிறந்ததும் பிள்ளையோடு வீட்டில் கொண்டுவிடவும் வண்டி உண்டு. கடைசி நாளின் பயணத்தை யோசித்தவர்கள் அதற்கு முன்னால் இருக்கும் மாதங்களின் அன்றாடப் பயணத்தையும் யோசிக்கலாம். மகப்பேறு விடுப்பை 2017-இல் 26 வாரமாக்கினார்கள். அதில் 8 வாரம்தான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். பெரும்பாலான பெண்கள் அதையும் மிச்சம் பிடித்துக் குழந்தையோடு இருக்க வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒன்பதாம் மாதத்தில் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஷேர் ஆட்டோவில் போனேன்.

இப்போது அதே சாலையில் வேறோர் அலுவலகத்தில் ஒரு சின்னப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். யாராவது "நாள் தள்ளிப்போயிருக்குக்கா" என்று மெல்லச் சொன்னால், எத்தனை மணிக்கு வந்தால் வசதி, எந்த வழியில் வருகிறாய் என்று கேட்டுவிடுகிறேன். கூட்டம் வடிந்தபின் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வேலை எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் எங்கள் மாடியில் துப்புரவு செய்யும் பெண்கள் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள்; அவர்கள் நேரம் என் கையில் இல்லை. அவர்களில் ஒருத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். கழிவறைப் பக்கம் அவளுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒப்பந்தக்காரரைக் கேட்க வேண்டும் என்றார். ஒப்பந்தக்காரர் நிர்வாகத்தைக் கேட்கச் சொன்னார். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது; அதை அச்செடுத்து இருவருக்கும் அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். அது நடந்தால் அடுத்து அவளுடைய ஷிஃப்ட் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். காலை ஆறு மணிக்கு இங்கே இருக்க, நாலு மணிக்கு எழுந்து வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு வருகிறாள்.