பிணியும் பழியும்

நோயுற்றவனைக் காணும்போது மனித உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘இவனுக்கு எவ்வாறு உதவலாம்?’ என்பது ஒன்று. ‘இவன் என்ன பாவம் செய்தானோ?’ என்பது மற்றொன்று. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் இவ்விரு வினாக்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தன.

உடலின் நோய்க்கும் உயிரின் மாசுக்கும் தொடர்புண்டு என்று அக்காலத்தார் கருதினர். மருத்துவர், நோயாளியை முதலில் பாவமன்னிப்பு வழங்கும் குருவை அழைக்கச் செய்யவேண்டும் என்று 1215இல் உரோமையில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. புனிதர்களின் கல்லறைகளை நாடி மக்கள் நெடுந்தொலைவு நடந்தனர். மன்னர் தொட்டால் கண்டமாலை நீங்கும் என்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் நோயாளர் காத்து நின்றனர்.

இவற்றை மடமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், நோயாளிக்குச் செய்யும் தொண்டு கிறித்துவுக்கே செய்யும் தொண்டு என்று பெனடிக்டின் மடங்களுக்குக் கற்பித்ததும் அச்சமயமே. அங்கே நம்பிக்கை அருளாய்க் கனிந்தது.

1347இல் கொள்ளைநோய் சிசிலித் தீவில் கரையேறியது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. பாரிசு மருத்துவப் பேராசிரியர்கள் 1345இல் நிகழ்ந்த கோள்களின் சேர்க்கையைக் காரணங்காட்டினர். சிலர் தம் பாவமே காரணமென்று தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர்வலம் சென்றனர். வேறு சிலரோ, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்றனர்.

1349 பிப்ரவரியில் ஸ்திராஸ்பூர் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டனர். அவர்களைக் காக்க முயன்ற நகரத் தலைவர்கள் முன்னரே பதவியிழந்திருந்தனர். யூதர்களிடம் பட்ட கடன்களும் அத்துடன் ஒழிந்தன. கொள்ளைநோயோ அதுவரை அந்நகரை எட்டவே இல்லை!

அவிஞோனில் வாழ்ந்த திருத்தந்தை ஆறாம் கிளெமெண்டும் கொள்ளைநோயை இறைவனின் சினமென்றே நம்பினார். ஆனால், 1348இல் அவர் விடுத்த ஆணை மடலில் வேறொன்றையும் எடுத்துரைத்தார். யூதர்களும் அந்நோயால் மடிகின்றனர். யூதர்களே இல்லாத நாடுகளிலும் அந்நோய் பரவுகின்றது. ஆதலின் அப்பழி மெய்யன்று என்றார். கொள்ளைநோய்க் கிருமியை யெர்சின் ஆங்காங்கில் கண்டறிந்தது 1894இல்தான். கிருமியை அறியாத காலத்திலும் பழியைப் பொய்யென்று காண ஒருவரால் முடிந்தது.

ஒரே காலம், ஒரே சமயம், ஒரே அறியாமை. ஆயினும் ஒருவர் கண்ணெதிரே கண்டதை எண்ணிப் பார்த்தார்; பலர் பழியை அயலார்மேல் ஏற்றினர். எனவே கொடுமைக்கு நம்பிக்கையையோ அறியாமையையோ மட்டும் காரணங்காட்டித் தப்பிக்க இயலாது. அறியாமை குற்றமன்று, அறியாத நிலையிலேயே பிறர்மேல் தீர்ப்புக் கூறுவதுதான் குற்றம்.

கிருமிகளை நன்கறிந்த 1980களிலும் எய்ட்சு நோயாளரைப் பாவிகளென்று தூற்றி விலக்கியோர் உண்டு. இரண்டாம் வினா அறிவியலால் மட்டும் அழிவதில்லை. துன்புற்றவன்முன் முதல் வினாவையே கேட்கப் பழகிய நெஞ்சில்தான் அது அடங்கும்.