ஒதுக்கப்பட்ட காய்கள்

உடைமை என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் எளிதானது. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினோம். அது நம் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. எனவே அது நம்முடையது. ஆயின், வாங்கிய நாள் முதல் கையாலும் தொடப்படாத ஒரு பொருளை நாம் எவ்வகையில் உடையோம்? சட்டத்தின் முன் அது நமது உடைமை என்பதில் ஐயமில்லை. அறிவின் முன்னோ அது நமக்கு அந்நியப் பொருளே. அதன் இயல்பை நாம் அறியோம். இவ்வினா பொருள்களோடு நின்றுவிடுமாயின் இதனை ஒரு சொல்லாராய்ச்சி என்று கருதி விட்டுவிடலாம். ஒதுக்கிவைத்தல் என்னும் பழக்கம் பொருளிலிருந்து மனிதருக்குத் தாவும் தன்மையது. ஆதலினாலேயே இஃது ஓர் அறவியல் வினாவாகின்றது. இதனை ஆராய்வதற்கு ஒரு விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இழப்புச் சிறிதாக இருக்கும் இடத்திலே மனத்தின் பழக்கங்கள் தம்மை மறைத்துக்கொள்வதில்லை. அதனால் விளையாட்டு மனிதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

அதிமானுட வீரர் என்னும் பாத்திரம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. 1962ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் 'வேலியன்ற்' வார இதழில் தோன்றிய எஃகுக்கை வீரன், 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாக 'இரும்புக்கை மாயாவி'யாக நம்மிடையே வந்து சேர்ந்தான். ஆய்வுகூட விபத்தொன்றில் வலக்கையை இழந்தவன் அவன். அக்கைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட எஃகுக்கையும் உடலிற் பாய்ந்த மின்சாரமுமே பின்னர் அவனுடைய ஆற்றலுக்குக் காரணமாயின. குறையெனப்பட்டது ஆற்றலாக மாறும் இக்கதைக்கூறு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அயலானதன்று.

ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்டன் வைஸ்மன் தொடங்கிய விஸ்கிட்ஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் 'ஹீரோகிளிக்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மார்வெல், டீசி ஆகிய சித்திரக்கதை வெளியீட்டாளரின் பாத்திரங்களைக் குறிக்கும் சிற்றுருவங்களே இதன் காய்கள். ஒவ்வோர் உருவமும் வட்டமான அடித்தட்டின்மேல் நிற்கும். அத்தட்டினுள்ளே சுழலும் சக்கரம் ஒன்று உண்டு. வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் அதிற் பொறிக்கப்பட்டுச் சிறு துளையினூடே தெரியும். காய் அடிபடுந்தோறும் சக்கரம் 'கிளிக்' என்ற ஒலியுடன் திருப்பப்படும், எண்கள் மாறும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு புள்ளிப்பெறுமதி விதிக்கப்பட்டிருக்கும். 300 புள்ளிகள் போன்ற ஒரு மொத்தத்துக்கு இருவரும் இணங்கி, அதற்குள் தத்தம் அணியை அமைத்துக்கொண்டு, இரு பகடைகளை உருட்டி ஆடுவர்.

இக்காய்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பது எதுவென்று தெரியாத மூடிய பெட்டிகளிலேயே விற்கப்படுகின்றன. விரும்பிய ஒன்றைப் பெறுவதற்காகப் பல பெட்டிகள் வாங்கப்படுகின்றன. விரும்பாதவை பல வந்து சேர்கின்றன. வெள்ளவத்தையில் காலி வீதியை அடுத்த மாடிக்குடியிருப்பு ஒன்றிலோ கொட்டாஞ்சேனையின் ஒழுங்கை ஒன்றிலோ வாழும் இளைஞர் ஒருவரிடம் இத்தகைய இருநூறு காய்கள் சேர்ந்துள்ளன என்று கொள்வோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவும் சித்தியும் கொண்டுவந்து கொடுத்தவையாகவே அவை இருக்கட்டும். அவர் நண்பரோடு ஆடும்போது எடுப்பவை பத்துக் காய்களே. எஞ்சிய நூற்றுத்தொண்ணூறும் பெட்டியிற் கிடக்கின்றன. அவை பயனற்றவை என்று அவர் உறுதியாகச் சொல்வார். அவ்வுறுதி எங்கிருந்து வந்தது?

ஆராய்ந்து பார்ப்பின் மூன்று காரணங்கள் புலப்படும். முதலாவது, பிறர் தீர்ப்பு. வல்லவர் எனப்படுவோர் ஒரு காயை வலிமையற்றதெனக் கூறிவிட்டனர், அது போதுமானதாகின்றது. இரண்டாவது, அருமையும் விலையும். எளிதிற் கிடைப்பது எளியது என்று மனம் முடிவுகட்டுகின்றது. கிடைத்தற்கு அரிதாக இருத்தல் ஒரு காயின் எண்ணிக்கையைப் பற்றிய செய்தியேயன்றி அதன் ஆற்றலைப் பற்றிய செய்தியன்று என்பதை மறந்துவிடுகின்றோம். மூன்றாவது, முதல் ஆட்டத்தின் நினைவு. ஒருமுறை தோற்ற காய் தோற்கும் காயாகவே நினைவில் நிலைத்துவிடுகின்றது. இம்மூன்றில் எதுவும் அக்காயை ஆராய்ந்து பெற்ற அறிவு எனத்தக்கதன்று.

பிறர் தீர்ப்பை முற்றாகப் புறக்கணித்தல் அறிவுடைமையாகுமா என்று கேட்கலாம். ஆகாது. திரண்ட அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆனால், அனுபவமும் தான் நடந்த பாதையையே அறியும். நடவாத பாதையை அறியாது. சதுரங்கத்தில் ஓரத்துச் சிப்பாயைக் காரணமின்றி முன்னே தள்ளாதே என்பது தொடக்கநிலை மாணாக்கருக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை. 2017ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்ட அல்பாஸீரோ என்னும் கணினிச் செய்நிரல், மனிதர் ஆடிய ஆட்டங்கள் எவற்றையும் படியாது, விதிகளை மட்டும் கொண்டு தன்னோடு தானே ஆடிக் கற்றது. அஃது அவ்வோரச் சிப்பாயை அடிக்கடி முன்னேற்றி எதிரியின் அரசனை நெருக்கியது. அதன் பின்னர் முன்னணிக் கிராண்ட்மாஸ்டர்களும் அம்முறையை மேலும் விரும்பிக் கையாண்டனர். சிப்பாயின் இயல்பு மாறவில்லை, விதிகளும் மாறவில்லை. பார்த்தவரின் கண்ணே மாறியது.

நூலக உலகில் இவ்வுண்மையை விதியாகவே வகுத்தவர் ஒரு தமிழர். சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு அடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்றும் அவர் வகுத்தார். முன்னையது வாசகரின் உரிமையைக் கூறுகின்றது. பின்னையது நூலின் பக்கம் நின்று பேசுகின்றது. எவரும் தீண்டாத நூலை அதன் வாசகரிடம் கொண்டு சேர்க்கும் கடமையை அது நூலகர்மேற் சுமத்துகின்றது. வாசகர் தாமே தட்டுகளிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை அவர் வற்புறுத்தியதன் நோக்கமும் இதுவே. 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் தேடிய நூலுக்கு அருகில் தேடாத நூலொன்றைக் கண்டெடுக்கும் மாணாக்கர், அவ்விதியின் பயனை அதன் பெயர் அறியாமலே நுகர்கின்றார்.

நவராத்திரிக் கொலுவிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்றைக் காணலாம். பொம்மைகள் ஆண்டு முழுவதும் பெட்டியில் உறங்குகின்றன. எனினும் அவை ஒதுக்கப்பட்டவை அல்ல; ஒவ்வொன்றுக்கும் படியில் ஓர் இடமும் ஆண்டில் ஒரு முறையும் உண்டு. வண்ணம் மங்கிய பாட்டி காலத்துப் பொம்மையும் புதிய பொம்மையின் அருகே அமர்கின்றது. எனவே பயன்படுத்தாமை வேறு, ஒதுக்குதல் வேறு. முறை வருமென்று காத்திருப்பது முன்னையது. முறையே இல்லையென்று தீர்க்கப்பட்டது பின்னையது.

இனி, தவறு யாருக்கு இழைக்கப்படுகின்றது என்ற வினா எழுகின்றது. பிளாத்திக்கு உருவத்துக்குத் துயரம் இல்லை. பெட்டியிற் கிடப்பதால் அது வருந்துவதுமில்லை; களத்துக்கு வருவதால் மகிழ்வதுமில்லை. 1785இல் வெளியான தமது அறவியல் நூலில் இம்மானுவேல் கான்ற் விலை உடையவற்றையும் மாண்பு உடையவற்றையும் வேறுபிரித்தார். விலை உடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்பு உடையதற்கு ஈடே இல்லை. காய் விலை உடையது. மனிதன் மாண்பு உடையவன். ஆகவே, காய்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்று வாதிடுதல் மிகைப்படுத்தலாகும். கெடுவது ஒதுக்குபவருடைய மதிப்பிடும் ஆற்றலே. ஆராயாமல் தீர்ப்பளிக்கும் பழக்கம் சிறு பொருளிற் பயின்று பெரும் பொருளில் வெளிப்படுகின்றது. நீதிபதிக்குரிய பொறுமையை விளையாட்டில் இழந்த மனம் வாழ்க்கையில் அதனைத் திடீரென்று பெற்றுவிடாது.

அவ்வாறாயின் நேர்மையான சோதனை எனப்படுவது யாது? வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆராய்ந்து நம்புதல் ஒன்று. அவ்வாறு ஆராய்ந்தவரைப் பொருத்தமான வினையில் அமர்த்துதல் மற்றொன்று. ஒருவருடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவருடைய செயலையே உரைகல்லாக அவர் கொண்டார். இக்கருத்தைக் காய்களின்மேல் வைத்துப் பார்ப்பின் மூன்று நிபந்தனைகள் கிடைக்கும்.

முதலாவது, பொருத்தமான துணை. தனியே நின்று தோற்கும் காய், தன் குறையை நிரப்பும் மற்றொரு காயோடு சேரும்போது வெல்லக்கூடும். பொருந்தாத அணியில் ஒரு காயை வைத்துவிட்டு அது தோற்றது என்பது சோதனையாகாது. முன்னரே எழுதிய தீர்ப்புக்குச் சாட்சி தேடுதலாகும். இரண்டாவது, போதிய காலம். ஹீரோகிளிக்ஸ் சக்கரத்தின் சிறப்பு இவ்விடத்தில் விளங்குகின்றது. பெரும்பாலான காய்கள் அடிபட அடிபடத் தளர்கின்றன. ஆயினும், ஹல்க் என்னும் பாத்திரத்தின் உருவங்கள் சில, காயம்பட்ட பின்னரே தாக்குதல் வலிமையில் உயர்கின்றன. துளையில் முதலில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து அதனைப் பெட்டியில் இட்டவர், அடுத்தடுத்த எண்களை ஒருபோதும் காணமாட்டார். மூன்றாவது, முடிவை ஏற்கும் மனம். சோதித்தபின் ஒரு காய் மெய்யாகவே வலிமையற்றது என்று தெரியலாம். அப்போது அதனை வைத்துவிடுவதிற் குற்றமில்லை. ஒதுக்கப்பட்டவை யாவும் மறைந்திருக்கும் மாணிக்கங்கள் என்று நம்புவதும் ஆராயாமல் அளிக்கும் தீர்ப்பே. அதன் திசை மட்டுமே வேறு.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. சோதனைக்கும் விலையுண்டு, புதியதைச் சோதிப்பவர் பழையதால் அடையக்கூடிய வெற்றியை இழக்கலாம். தன் ஆட்டத்தை ஒருவர் இழப்பது அவர் விருப்பம். அணியின் ஆட்டத்தை இழக்க அவருக்கு உரிமை உண்டா? சத்திரசிகிச்சைக் கூடத்தில் பயிற்சியற்ற கையைச் சோதித்துப் பார்க்க எவரும் உடன்படார். இம்மறுப்பில் உண்மை இருக்கின்றது. ஆயினும், இது சோதனையின் இடத்தை வரையறுக்கின்றதேயன்றிச் சோதனையை மறுக்கவில்லை. தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருநாள் மேற்பார்வையின்கீழ் முதன்முதலாகக் கத்தியை எடுத்தவரே. இழப்பைத் தாங்கக்கூடிய இடங்களைச் சமூகம் வேண்டுமென்றே அமைத்து வைக்கவேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. விளையாட்டு, பயிற்சிக்களம், பள்ளி, சங்கம் ஆகியன அத்தகைய இடங்கள். அங்கும் வெற்றியொன்றே நோக்கமாயின், சோதனைக்கு வேறெங்கும் இடமிராது.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது. நம் நாட்டிலே பத்து வயதளவிலுள்ள பிள்ளை புலமைப்பரிசிற் பரீட்சையில் ஒரு புள்ளியைப் பெறுகின்றது. பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வருகின்றது. இடங்கள் குறைவாகவும் வேண்டுவோர் பலராகவும் இருக்கும்போது ஏதோவோர் அளவுகோல் தவிர்க்கமுடியாதது. அளவுகோலை மனிதனின் அடித்தட்டில் பொறித்த நிலையான பெறுமதியாகக் கொள்வதே தவறு. காய்க்கு அதன் பெறுமதியை ஆக்கியோர் விதித்தனர். மனிதனுக்கு அவ்வாறு விதித்தவர் எவருமிலர். அன்றியும், மனிதனுடைய சக்கரத்தில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அவனும் முன்கூட்டி அறியான்.

பல்கலைக்கழகச் சங்கங்களை நோக்குவோம். ஆண்டுதோறும் விழா வருகின்றது. விவாத மேடைக்கு அதே மூவர். நாடகத்தின் தலைமைப் பாத்திரத்துக்கு அதே ஒருவர். வரவேற்புரைக்கு அதே குரல். கதிரைகளை அடுக்குவதற்கும் திரைச்சீலையை இழுப்பதற்கும் அதே பிறர். விழா சிறக்கவேண்டும் என்ற நியாயமே இதற்குக் கூறப்படுகின்றது. விழா சிறக்கின்றது, நான்கு ஆண்டுகளும் கழிகின்றன. கதிரை அடுக்கிய மாணவி ஒருவரிடம் எத்தகைய குரல் இருந்தது என்பதை எவரும் கேட்டதில்லை. காலப்போக்கில் அவரும் தமக்குக் குரலில்லை என்று நம்பத் தலைப்படுகின்றார். காய்க்கும் மனிதருக்கும் உள்ள கொடிய வேறுபாடு இதுவே. காய் தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்பதில்லை. மனிதர் கேட்கின்றனர், கேட்டு அதற்கேற்பச் சுருங்குகின்றனர். விரிவுரை மண்டபத்தில் முன்வரிசையில் இருப்போரிடமே வினாத் தொடுக்கும் ஆசிரியரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

விஸ்கிட்ஸ் நிறுவனத்துக்கு உரிமையாயிருந்த ரொப்ஸ் என்னும் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அதனை மூடியது. ஹீரோகிளிக்ஸ் முடிந்துவிட்டது என்று கருதப்பட்டது. 2009இல் நெக்கா நிறுவனம் அதனை ஏற்றுப் புத்துயிர் அளித்தது. இலாபமில்லை என்று கைவிடப்பட்ட ஆட்டமே, மற்றொருவர் சோதித்துப் பார்க்கத் துணிந்தமையால் மீண்டும் களத்துக்கு வந்தது. எனினும், எந்தக் காய் வெல்லும் என்பதைக் காட்டிலும் எந்தக் காயை நாம் இன்னும் அறியவில்லை என்பதே அறிவுடையோர் முதலிற் கேட்கத்தக்க வினா. அவ்வினாவைக் கேட்பதற்குப் பெருஞ்செல்வமோ பேரறிவோ வேண்டியதில்லை. ஓர் ஆட்டத்தைத் தோற்கத் துணியும் மனம் போதும். அடுத்த விழாவுக்கான பெயர்ப்பட்டியலை எழுத அமரும்போது, நம்மிற் சிலருக்கேனும் அம்மனம் வாய்க்குமாக.