விரலால் அழிக்காதே, தம்பி

விண்ணப்பம் போடு. மற்றதெல்லாம் அப்புறம். "ஏல, போட்டா புடிக்கதுக்கு எதுக்குல காலேஜு?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். ஹைதராபாத்தில் ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் புகைப்படக்கலைக்கென்றே நான்காண்டு இளங்கலை இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் முதுகலை உண்டு; அதற்கு ஏதாவதொரு பட்டம் கையில் வேண்டும். வெளியூர் தோதுப்படாது என்றால் பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் விஸ்காம். அப்பாவோடு உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார். லென்ஸுக்காக வட்டிக்கு மட்டும் வாங்காதே. கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கும் ஸ்டுடியோ அண்ணாச்சியை இளக்காரமாகவும் பார்க்காதே. மண்டபத்து மஞ்சள் பல்பில் முகத்துக்கு வெளிச்சம் கொண்டுவரத் தெரிந்தவர் அவர்.

ஆனால் எங்கே போனாலும் உன் படங்களை எடுத்து வை என்பார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

திருநெல்வேலியில் தாமிரபரணி மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். 1843இல் திறந்த பாலம். விடியற்காலையில் பதினொரு வளைவுகளும் தண்ணீரில் தெரியும், அழகுதான். அதே ஆற்றில் ஊர்ச் சாக்கடையும் வந்து கலக்கிறது. கரையை அடைத்து ஆகாயத்தாமரை, அதில் சிக்கிய பிளாஸ்டிக் பை. பாபநாசத்துக்குப் போனால் பரிகாரம் முடித்து ஆற்றோடு விட்ட வேட்டியும் சேலையும் பாறைகளில் சுற்றிக் கிடக்கும். இப்போது லைட்ரூமில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் சாக்கடை போய்விடும், சேலை போய்விடும், ஆறு சுத்தமாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் மாமா மூக்கிலிருக்கும் பருவை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆற்றில் கலப்பதை எடுத்தால், கீழே ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு எதிராக நீ பொய்ச்சாட்சி சொல்கிறாய். வெளிச்சத்தைக் கூட்டு, குறை. இருட்டறைக் காலத்திலும் அதைச் செய்தார்கள். இருப்பதை இல்லையென்று மட்டும் ஆக்காதே.

படத்துக்காக எதையும் வதைக்காதே. கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். கூழைக்கடாவும் நாரையும் வீட்டுப் புறவாசல் மரத்தில் கூடுகட்டி எச்சமிட்டாலும் பொறுத்துக்கொள்கிறவர்கள். 1994இல் அது சரணாலயமாவதற்கு வெகு முன்பே அந்த ஊர் வழக்கம் அது. அங்கே போய், கூட்டமாகப் பறக்கிற படம் வேண்டுமென்று கைதட்டிக் கிளப்புகிறவனை என்னவென்று சொல்ல? தாய்ப்பறவை எழும்பினால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும். காக்கைக்கும் அதுதான் சமயம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் டிரோன் விடுவதும் இதே ஜாதிக் குற்றம்தான். லைக் வரும். வரட்டுமே, உனக்கு வேண்டாம்.

திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணனைத் தெரியுமா உனக்கு? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார், சட்டம் படித்தார். போட்டோவுக்குப் பட்டம் வாங்கவில்லை. 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் கண்மூடும் வரை எழுதினார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், காட்டையும் தெரிந்து எடுத்தார். உன் படத்தில் கரையோரம் நிற்பது மருதமா, புங்கையா, இலுப்பையா? அம்பாசமுத்திரத்தில் நீ எடுத்த வயல் கார் நடவா, பிசான நடவா? எந்தக் கால்வாய்ப் பாசனம்? நேர்முகத்தில் கேட்காமல் போகலாம். வரப்பில் நிற்கிற பாட்டியிடம் இன்றைக்கே கேள். அவளையும் படமெடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டு எடு.

மறுபடி அந்தப் பாலத்துக்கு வா. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், சிறையிலிருந்தவர்களை விடச் சொன்னார்கள். பாலத்தருகே கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆர். ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்து வைத்ததால், நடக்கவேயில்லை என்று இனி எவரும் சாதிக்க முடியாது. நீ முக்காலியை ஊன்றுகிற கரை அது. தெரிந்துகொண்டு ஊன்று.

மாஞ்சோலையையும் நீ எடுத்திருப்பாய்: பனிமூட்டம், தேயிலைச் சரிவு, ஆளில்லாத பாதை. அந்த மலை, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 2028 பிப்ரவரியில் குத்தகை முடிகிறது. 2024இலேயே கம்பெனி வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கியது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். பலர் இறங்கி வந்துவிட்டார்கள். உன் படத்தில் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறித்த கை ஒன்றுகூட இல்லை.

நான்காண்டு படித்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று வைக்காதே. அதற்குள் குத்தகை முடிந்திருக்கும், லயன் வீடுகளின் தகரம் எந்தக் கதியில் இருக்குமோ. மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும், எழுதிக் கொடுத்துக் கேள். அது வரும்வரை சும்மா இருக்காதே. கீழே அம்பாசமுத்திரம் பக்கம் குடியேறியவர்களைத் தேடிப் போ. அவர்கள் வீட்டு ஆல்பத்தைக் காட்டச் சொல். காது குத்து, சாமி கொடை, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எல்லாவற்றுக்கும் பின்னால் நீ எடுத்த அதே மலை நிற்கும். அனுமதி வாங்கி ஒவ்வொன்றையும் நகலெடு. யார், எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்று நகலின் பின்பக்கம் எழுது. மூலப்படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடு. பத்துப் படம் கேட்கிற கல்லூரிக்கு அதிலிருந்து நான்கு, உன்னுடையது ஆறு. சாக்கடை தெரிகிற பாலத்தை முதலில் வை.