ரத்தம் கண்டால் முழுப் பணம்

டெக்ஸாஸின் மலைநாட்டுப் பக்கம் ஒரு பண்ணைக்கு நண்பனோடு வேட்டைக்குப் போயிருந்தேன். துப்பாக்கி அவனுடையது, செலவில் பாதி என்னுடையது. வாசலிலேயே ஒரு தாளை நீட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு விதிகள். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு ‘ஐ அக்ரீ’ பட்டனை அழுத்துவது கைப்பழக்கம். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டோம். அதில் ஒரு விதி: மானுக்குக் காயம் பட்டு ரத்தம் கண்டால், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுப் பணம் கட்ட வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நண்பன் சுட்டான். குண்டு பட்டது. மான் ஓடிவிட்டது.

இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டெக்ஸாஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் நிலம். வேட்டையாட நினைப்பவர் பெரும்பாலும் யாராவது ஒரு நிலக்காரருக்குப் பணம் கட்டித்தான் உள்ளே போக முடியும். அந்த மண்ணின் வெள்ளைவால் மான் சட்டப்படி மாநில மக்களின் பொதுச்சொத்து. அதனால் நிலக்காரர் மானை விற்பதில்லை, வேலிக்குள் வரும் அனுமதியை விற்கிறார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விலங்குகள் வேறு கணக்கு. அவை ஆடுமாடு மாதிரி நிலக்காரரின் உடைமை. அவற்றுக்கு வேட்டைப் பருவம் கிடையாது; தலைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் உண்டு. 1930களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நம்மூர்ப் புள்ளிமான் இந்த இரண்டாவது வகை.

சென்னையில் படித்த காலத்தில் நண்பர்களைப் பார்க்க ஐஐடி வளாகத்துக்குப் போவேன். ஹாஸ்டல் பக்கம் புள்ளிமான் சர்வசாதாரணமாக நிற்கும். நாங்கள் பேசிக்கொண்டே கடந்து போவோம், அதுவும் மேய்ந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் அதைச் சுட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெயில். இங்கே அதற்குப் பக்கத்தில் ஒரு டாலர் எண் இருந்தது. ஒரே விலங்கு, இரண்டு வேலிகள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியைப் பரண் என்றுதான் சொல்ல வேண்டும். தினைப்புனத்துப் பரண் விலங்கை விரட்டுவதற்கு, இது வரவழைப்பதற்கு. எதிரே முக்காலி மேல் ஒரு பீப்பாய். டைமர் வைத்த நேரத்துக்கு மக்காச்சோளத்தைச் சுற்றிலும் தூவும். மான்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தன.

பண்ணையின் வழிகாட்டி எங்களோடு பதினொரு மணிவரை தேடினார். கல்லில் சில துளிகள், புல்லில் ஒரு தீற்றல், பிறகு ஜூனிபர் புதர்களுக்குள் ஒன்றுமில்லை. மதியம் அடுத்த வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று சொல்லித் திரும்பிவிட்டார். நாங்களும் பின்னாலேயே வந்தோம். பிறகு அலுவலக மேசைக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் பணத்துக்காக வாதாடினோம். அந்த அரைமணி நேரத்தில் மான் எங்கேயோ படுத்திருந்தது, அல்லது இன்னும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

காரில் வரும்போது நண்பன் பொருமினான்.

“கறியும் இல்ல, கொம்பும் இல்ல. எதுக்குடா காசு?”

“அநியாயம்டா,” என்றேன். “ரிவ்யூல கிழிச்சிடறேன்.”

அன்றிரவே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன். முதல் வரி: கிடைக்காத மானுக்கு முழுப் பணம் பிடுங்கினார்கள். இரண்டாவது: பாதை மோசம். மூன்றாவது: தேடுவதைப் பாதியில் நிறுத்தினார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பக் ரிப்போர்ட்டில் முதலில் எதை எழுதுகிறோமோ அதுதான் நமக்கு வலித்த இடம். எனக்கு வலித்தது பணம். மான் மூன்றாவது வரியில், அதுவும் சேவைக் குறைபாடாக வந்திருந்தது.

வேட்டையே பாவம் என்று தீர்ப்புச் சொல்லி இதை முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்று “தொடைக்கறியா போடுங்கண்ணே” என்று கேட்கிறவன் நான். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தின்பவன் இருப்பதால்தான் விற்பவன் இருக்கிறான் என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் நேராக வாங்குபவனைத்தான் பிடிக்கிறார். வேட்டைக்காரர்கள் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்: கறிக்கடையில் நீ செயலைப் பார்க்காமல் விளைவை மட்டும் வாங்குகிறாய், நாங்கள் செயலை எங்கள் கையால் செய்து அதன் பாரத்தையும் சுமக்கிறோம். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். அதை நம்பித்தான் போனேன்.

ஆனால் போன இடத்தில் கறிக்கடை வாடிக்கையாளனாகத்தான் நடந்துகொண்டேன். பொருள் கைக்கு வரவில்லை, ஆகவே பணம் இல்லை என்பது கறிக்கடை நியாயம். அங்கே அது சரி. இங்கே நாங்கள் செய்தது ஒரு செயல், அது முழுதாக நடந்து முடிந்திருந்தது. மானின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் பாக்கி எதுவும் இல்லை. எங்களுக்குக் கறி கிடைக்கவில்லை என்பதால் அதன் காயம் இலவசமாகிவிடாது. பண்ணைக்காரர் அந்த விதியைத் தன் நஷ்டத்தை நினைத்துத்தான் எழுதியிருப்பார். இருந்தும் அந்தத் தாளில் மானின் காயத்தைக் கணக்கில் எடுத்த ஒரே வரி அதுதான். நான் அநியாயம் என்று சொன்னது அந்த வரியை.

அப்படியானால் வாடிக்கையாளனுக்குப் புகார் சொல்லவே உரிமை இல்லையா? உண்டு. மனிதர்கள் கொடுத்த வாக்குக்கெல்லாம் உண்டு: பாதை, பரண், தேடித் தருவதாகச் சொன்னது. மான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மக்காச்சோளத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அது ஓடியதைக் குறையாக எழுத முடியாது. தேடலை நிறுத்தியது நிஜமான குறை. ஆனால் “இன்னும் ஒரு மணி நேரம் தேடலாம், அதற்கும் காசு தருகிறோம்” என்று நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நண்பன் கேட்டான்: “ரிவ்யூ போட்டியாடா?”

“மாத்தி எழுதிட்டிருக்கேன்.”

பணத்தைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். தேடலைப் பற்றிய வரியை முதலில் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு, நாங்களும் அவரோடு திரும்பி வந்துவிட்டோம் என்று ஒரு வரி சேர்த்தேன். இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று தெரியாமல் அது இன்னும் டிராஃப்டில் கிடக்கிறது.