இரைப்பையை அறுத்து உடல் மெலிவது கூடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலையொன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எடை 130 கிலோ. சர்க்கரை வியாதியும் வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது. இரைப்பையை அறுத்துச் சிறிதாக்கலாம் என்கிறார் டாக்டர். மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

"வாயைக் கட்டுங்கள் தம்பி. திங்கள், வியாழன் நோன்பு வையுங்கள். அல்லாஹ் படைத்த உறுப்பை ஏன் அறுக்க வேண்டும்?" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் பல வாரங்கள் அவரைப் பள்ளிவாசலில் காணவில்லை.

நான் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பது இறைக் கட்டளை. வயிற்றில் உணவுக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வலீமா விருந்தில் தட்டு நிறையப் பிரியாணியைக் குவிக்கும் நமக்கெல்லாம் அது எச்சரிக்கை.

ஆனால் பருத்தவரெல்லாம் பெருந்தீனிக்காரர் அல்லர். பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகள், இரவு வேலையால் கெடும் உறக்கம் ஆகியவையும் உடலைப் பருக்க வைக்கும். மிகப் பருத்தவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும், உடல் பசியைத் தூண்டி இழந்ததை மீட்கப் பார்க்கிறது. இது நோய். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்பதும் நபிமொழிதானே!

படைப்பை மாற்றுவதாகாதா என்று கேட்கலாம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு, குறையை நீக்குவது வேறு. எடை நோயாகி, வேறு வழியின்றி, தீங்கிலிருந்தும் பாதுகாப்பு இருந்தால் அறுவைச் சிகிச்சை ஆகும் என 2007இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

அந்தத் தீங்கு எவ்வளவு? ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்குகிறார்கள். மற்றொன்றில் உணவு செல்லும் பாதையையே மாற்றுகிறார்கள். சர்க்கரை வியாதி பலருக்குத் தணிகிறது. 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நெடிய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் அதே போன்ற பருமனுடன் சிகிச்சை பெறாதவர்களைவிடச் சுமார் 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆயினும் பொதுமக்களின் ஆயுளை எட்டவில்லை.

தையலில் கசிவு, இரத்தப்போக்கு, நுரையீரலை அடைக்கும் இரத்தக்கட்டி ஆகியவை இதன் அபாயங்கள். தேர்ந்த கைகளில் மரணம் அரிது. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் இச்சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணை நடத்தியது. உயிர் பிழைத்தவருக்கும் இரும்புச் சத்து, பி-12 முதலியவை குறையாதபடி ஆயுள் முழுதும் மாத்திரையும் பரிசோதனையும் வேண்டும். கவனம் தவறினால் எடை திரும்பவும் ஏறும்.

ஆகவே, கல்யாணப் பந்தலில் ஒல்லியாகத் தெரிவதற்காக மட்டும் இந்த அபாயத்தில் இறங்குவது, தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்ளாதீர் என்ற கட்டளைக்கு அஞ்ச வேண்டிய செயல். நோய் முற்றி, மற்ற வழிகளை முயன்று பார்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில், அனுபவமுள்ள டாக்டர் நன்மை தீமைகளை விளக்கிச் சொன்னபின் செய்துகொள்பவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பிறகு ரமளான் நோன்பையும் டாக்டரைக் கேட்டே வைக்கட்டும். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், அந்தச் சகோதரரின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அறுவையைவிட அந்தச் சிரிப்புத்தான் ஹஜ்ரத் வலித்தது" என்றார். முடிவு அவருடையது. அமானிதமான உடலுக்கு எது நலமென்று எடுத்துச் சொல்வதே நம் பொறுப்பு.

நோயாளியை நகைக்காத நாவை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.