திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

ஒருவன் பிறர் பொருளைக் களவெடுக்கிறான். பல ஆண்டுகள் சென்றபின் அதை உரியவரிடமே ஒப்படைத்து விடுகிறான். கணக்குத் தீர்ந்ததா? உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தீர்ந்தது என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஓர் ஆந்தையின் கதையை அறியும்வரை.

நூதனசாலைகளில் பாடம் செய்த பறவைகளைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பவை சில. ஆராய்ச்சிக்கென இழுப்பறைகளில் மல்லாந்து கிடப்பவையோ பல்லாயிரம். உள்ளுடலை அகற்றி, பஞ்சு அடைத்துத் தைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டியிருப்பார்கள். எங்கே, எந்நாளில், யார் எடுத்தது என்பதைச் சொல்வது அந்தச் சீட்டுத்தான். பறவையின் மதிப்பில் பெரும் பங்கு அதில் இருக்கிறது.

றிச்சாட் மைனட்ஷாகன் (1878–1967) என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி பறவை அறிஞராகப் பெரும் புகழ் பெற்றவர். தாம் சேர்த்த ஏறத்தாழ 20,000 பறவைகளை 1954இல் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். அவற்றுட் பல, அதே நூதனசாலையிலிருந்து அவரே களவாக எடுத்தவை! பழைய சீட்டை நீக்கி, இடத்தையும் நாளையும் மாற்றித் தம் பெயரில் புதுச் சீட்டுக் கட்டியிருந்தார். அவர் காலத்திலேயே சந்தேகம் எழுந்தது. பறவை அறைக்குள் நுழைய ஒருமுறை தடையும் விதித்தார்கள். ஆயினும் பெரிய இடத்து மனிதரை யார் தொடர்ந்து கேட்பது?

அவற்றுள் ஒன்று இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை. 1914இல் குஜராத் பகுதியின் மாண்ட்வியில் எடுத்ததாகச் சீட்டுச் சொன்னது. அதை நம்பித் தேடியோர் வெறுங்கையோடு திரும்பினர். அமெரிக்க ஆய்வாளர் பமீலா றாஸ்முசன் அம்மையார் அந்தச் சீட்டை நம்பவில்லை. எக்ஸ்றே படங்களைக் கொண்டு உடலின் உள்ளமைப்பை ஆராய்ந்தபோது, மேலே புதுத் தையல் இருந்தும், உள்ளே 1880களில் கந்தேஷ் பகுதியில் பறவை சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சன் என்பவரின் கைவேலை தெரிந்தது. உண்மையான சீட்டுகள் காட்டிய இடங்களுக்கே அம்மையார் இரு தோழர்களுடன் சென்றார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாடாவுக்கு அருகே அந்த ஆந்தை உயிரோடு மரத்தில் அமர்ந்திருந்தது. 1884க்குப் பின் 113 ஆண்டுகளாக அறிவியலார் எவரும் காணாத பறவை அது.

இனிக் கேள்விக்கு வருவோம். பறவைகள் உரிய இடத்துக்கு வந்துவிட்டன, ஒன்றும் குறையவில்லை. ஆனால் டேவிட்சன் பட்ட பாடு அவர் பெயரோடு அழிக்கப்பட்டிருந்தது. சீட்டை நம்பி அலைந்தவர்களின் காலத்தை யார் கொடுப்பது? மேலும் ஒன்று. மைனட்ஷாகனின் சீட்டுகளில் உண்மையானவையும் உண்டு. அவற்றையும் இப்போது நம்ப முடியவில்லை. காணி உறுதி எழுதும் ஒருவர் பத்தில் ஒன்றைப் பொய்யாக எழுதினார் என்று தெரிந்தால், மற்ற ஒன்பதை வைத்திருப்போர் நிம்மதியாக உறங்குவார்களா?

அதனால் அவருடைய பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தையலையும் பஞ்சையும் பார்த்து, பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு வர வேண்டியதாயிற்று. அது ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலை. எது எங்கிருந்து எடுத்தது, எந்தச் சீட்டுப் பொய் என்று அவர் ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தால் போதும். கொடுத்தபின் உயிரோடிருந்த 13 ஆண்டுகளில் அதை மட்டும் அவர் எழுதவில்லை.