தோல்வியின் பாரம் யார் தோளில்?

2019 நவம்பரில், டெல்லி சாகேத் பகுதியிலுள்ள வணிக வளாகம் ஒன்றில் 15 நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க 299 ரூபாய் வாங்கினார்கள். எலுமிச்சைப்புல், லாவெண்டர் என்று விரும்பிய வாசனையையும் சேர்த்துக்கொள்ளலாம். கடையைத் தொடங்கியவர் இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், டெல்லியைச் சேர்ந்த வித்யுத் மோகன் என்ற இளம் பொறியாளருக்கு பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் நிறுவிய எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. பரிசுத்தொகை பத்து லட்சம் பவுண்டு. கெவின் குங் என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய டகாச்சார் நிறுவனம், வயலில் எரிக்கப்படும் பயிர்க்கழிவை வயலோரத்திலேயே எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் சிறிய இயந்திரத்தை உருவாக்கியிருந்தது. அதே ஆண்டு அதே பிரிவின் இறுதிச் சுற்றில் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கரும் இருந்தார்.

ஆக்சிஜன் கடையும் பயிர்க்கழிவு இயந்திரமும் ஒரே டெல்லிப் புகையிலிருந்து பிறந்தவை. இரண்டும் தொழில், இரண்டையும் தொடங்கியவர்கள் இளைஞர்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அறத்தின் கண்ணில் வேறுபாடு இருந்தாக வேண்டும். ஆனால் அதை எந்த அளவுகோலால் அளப்பது?

நோக்கத்தை வைத்து அளக்கலாம் என்பது உடனே தோன்றும் பதில். ஒருவர் புகையிலிருந்து கால் மணி நேரம் தப்பிக்க வழி விற்கிறார். மற்றவர் புகையே எழாமல் தடுக்க முயல்கிறார். இந்த வேறுபாடு உண்மையானது, சிறியதும் அல்ல. இருந்தாலும் நல்ல நோக்கத்தோடு தொடங்கித் தீமையில் முடிந்த தொழில்கள் நம் நாட்டிலேயே உண்டு. அவற்றை நோக்கம் என்ற அளவுகோல் பிடிப்பதில்லை. அதனால் டெல்லிப் புகையின் கதையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டெல்லியில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 5. இந்திய அரசின் சொந்த வரம்பே 40தான். வாகனம், தொழிற்சாலை, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு எல்லாம் ஆண்டு முழுவதும் இதற்குக் காரணம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பயிர்க்கழிவு எரிப்பின் பங்கு சிறியது. ஆனால் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சில நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் அது ஏறியதுண்டு. அந்த நாட்களில்தான் பள்ளிகளை மூடுகிறார்கள், தலைப்புச் செய்தி வருகிறது, பஞ்சாப் விவசாயியைக் குற்றவாளி என்கிறார்கள்.

அந்த விவசாயி தீ வைப்பதன் காரணம் சோம்பல் இல்லை. 2009இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீரைக் காப்பாற்றச் சட்டம் கொண்டுவந்து, ஜூன் மாதத்தில் குறிப்பிட்ட தேதிக்கு முன் நெல் நடவு கூடாது என்றது. நீர் விஷயத்தில் அது தேவையான சட்டம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமைக்கோ நவம்பர் முதல் பாதியே நல்ல விதைப்புக் காலம். அதைத் தாண்டினால் விளைச்சல் குறையும். ஆக, நெல்லறுத்த வயலைக் கோதுமைக்குத் தயார்செய்ய இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சுகின்றன. அறுவடை இயந்திரம் கதிரை எடுத்துக்கொண்டு அரிதாளை வயலிலேயே நிற்க விட்டுப் போகிறது. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டன் வைக்கோல் சேர்கிறது. ஒரு தீக்குச்சிக்குச் செலவில்லை, நேரமும் ஆவதில்லை. அங்கே கொள்முதலாகும் நெல் மத்தியத் தொகுப்புக்குப் போய் நாடெங்கும் ரேஷன் கடைகளில் அரிசியாகிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அந்தப் புகையில் நாட்டின் பசிக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அபராதம் விவசாயிக்கு மட்டும். 2024 நவம்பரில் அது இரட்டிப்பானது: இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000.

இந்த இடத்தில்தான் இளம் தொழில்முனைவோர் வருகிறார்கள். வைக்கோலைக் கட்டுகட்டி வாங்கி அனல்மின் நிலையங்களுக்கு எரிவில்லைகளாக விற்பவர்கள், காளானின் வேர்இழைகளைக் கொண்டு அதைப் பொதியும் அட்டையாக மாற்றுபவர்கள், கூழாக்கித் தட்டு செய்பவர்கள் என்று பலர். ஐஐடி டெல்லியிலிருந்தே இப்படிச் சில முயற்சிகள் கிளம்பியிருக்கின்றன. டகாச்சார் இயந்திரம் புகையை 98 விழுக்காடு வரை குறைக்கும் என்று எர்த்ஷாட் பரிசுக் குறிப்பு சொன்னது. அதன் மையக் கருத்து எளிமையானது: பருமனும் ஈரமும் உள்ள வைக்கோலை லாரியில் ஏற்றித் தொலைதூர ஆலைக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது, அதனால் ஆலையைச் சிறிதாக்கி வயலுக்குக் கொண்டுவருவோம்.

பிறர் துன்பத்தில் லாபம் பார்ப்பதே தவறு என்று இதை ஒரேயடியாக ஒதுக்குபவர்கள் உண்டு. அது கடுமையான வாதம், ஆனால் நிற்காது. மருத்துவரும் நோயால்தான் பிழைக்கிறார். நன்கொடையில் நடக்கும் பணி, கொடுப்பவரின் கவனம் திரும்பும் நாளில் நின்றுவிடுகிறது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976இல் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தைக் கொண்டே பெரும் எண்ணிக்கையிலானவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் அறுவை சிகிச்சை செய்துவருகிறது. 1992இல் அதன் துணை அமைப்பான ஆரோலேப் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியபோது, நூறு டாலர் அளவில் இருந்த பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. வணிகக் கணக்கு இல்லாமல் இது நடந்திருக்காது. திருக்குறளில் வணிகரின் நெறியைச் சொல்லும் குறள் பொருட்பாலில் இல்லை, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கிறது. வணிகம் அறத்துக்கு வெளியே கிடப்பது என்ற எண்ணம் நம் மரபில் இருந்ததில்லை.

எதிர்ப்பக்கத்து வாதம் இன்னும் கவர்ச்சியானது. கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாவில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற சி.கே. பிரகலாத், உலகின் அடித்தட்டு மக்களைச் சந்தையாக மதித்து அணுகினால் வறுமையும் குறையும், நிறுவனங்களுக்கு லாபமும் வரும் என்று 2004இல் ஒரு நூலில் வாதிட்டார். ஒரு தலைமுறை இளைஞர்களை அந்த நூல் ஈர்த்தது. அதே பல்கலைக்கழகத்தில் அவருடைய சகாவான அனீல் கர்னானி மறுத்தார்: ஏழைகளுக்குப் பொருளை விற்பதால் வறுமை குறையாது, அவர்களை உற்பத்தியாளர்களாகப் பார்த்து அவர்களின் வருமானத்தை உயர்த்த வேண்டும். டெல்லிப் புகையில் கர்னானியின் பக்கம்தான் நியாயம் கனக்கிறது. விவசாயியிடம் கட்டணம் வாங்கி வயலைச் சுத்தம் செய்வது ஒரு தொழில். விவசாயியிடம் வைக்கோலை விலைக்கு வாங்குவது வேறொரு தொழில். இரண்டுக்கும் ஒரே விருது கிடைக்கலாம். ஆனால் இரண்டின் அறத் தகுதியும் ஒன்றாகாது.

அதைவிட முக்கியமாகப் பேச வேண்டியது தோல்வியைப் பற்றி. தொழில்முனைவு உலகில் தோல்வியைக் கொண்டாடுகிறார்கள். விழுந்து எழுவது பெருமை, பத்தில் ஒன்பது நிறுவனம் மூடினால் என்ன, பத்தாவது உலகை மாற்றும் என்கிறார்கள். இது விழுந்தவருக்கு எழ இடம் இருக்கும்போது சரி. ஐஐடி பட்டமும் நகரத்தில் பெற்றோரின் வீடும் உள்ள இளைஞர், நிறுவனத்தை மூடிய அடுத்த மாதம் நல்ல சம்பளத்தில் வேலைக்குப் போய்விடலாம். முதலீட்டாளருக்கு அது பல முதலீடுகளில் ஒன்று. அந்த நிறுவனத்தின் வைக்கோல் கட்டும் இயந்திரம் வரும் என்று நம்பி அக்டோபர் கடைசி வரை தீ வைக்காமல் காத்திருந்த மூன்று ஏக்கர் விவசாயிக்கோ கோதுமைப் பருவமே போய்விடும். இயந்திரம் பத்து நாள் தாமதித்தால், ஒன்று விளைச்சலை இழக்க வேண்டும், அல்லது கடைசி நாளில் தீ வைத்து அபராதம் கட்ட வேண்டும். நிறுவனத்தின் கணக்கேட்டில் இந்த நட்டத்துக்கு இடமே கிடையாது. சோதனை முயற்சி என்ற ஒரே சொல்லில் அது கரைந்துவிடுகிறது.

ஆந்திரத்தில் இது மிகக் கொடிய அளவில் நடந்தது. 1990களின் இறுதியில் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய எஸ்கேஎஸ், ஏழைப் பெண்களுக்குக் கடன் தரும் லாப நிறுவனமாக மாறி 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், குறுங்கடன் வசூல் நெருக்கடியாலும் தற்கொலைச் செய்திகளாலும் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. அந்தத் துறையில் இருந்தவர்கள் கெட்டவர்களாகத் தொடங்கவில்லை. வளர்ச்சி வேண்டும் என்று முதலீடு நெருக்கியது. அந்த நெருக்கடி கிளையிலிருந்து வசூல் ஊழியருக்கும், அவரிடமிருந்து வாரத் தவணை கட்டும் பெண்ணுக்கும் இறங்கியது. அந்தப் பெண்ணுக்குக் கீழே யாரும் இல்லை. குறுங்கடனின் முன்னோடியான பங்களாதேஷின் முகமது யூனுஸ் சமூகத் தொழிலில் முதலீட்டாளர் போட்ட பணத்தை மட்டும் திரும்பப் பெறலாம், லாபப் பங்கு எடுக்கக் கூடாது என்று கோடு போட்டது இந்த ஆபத்தை உணர்ந்துதான். எல்லாத் தொழிலுக்கும் அந்தக் கோடு பொருந்தாது. பெரிய இயந்திரங்களுக்கு இடர் ஏற்கும் முதலீடு வேண்டும். ஆனால் இடரை ஏற்கிறேன் என்று சொல்லி அதற்காகவே லாபம் கேட்கும் முதலீடு, இடரைக் கீழே தள்ளிவிட்டு லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

பாரம் யார் தோளில் என்ற இதே கேள்வி டெல்லிக்குள்ளும் வேறு வடிவில் நிற்கிறது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பு 2025 ஜூனில் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட குடியிருப்புகளிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் பெண், பகலில் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையைத் துடைத்துவிட்டு, இரவில் சன்னல் சரியாக மூடாத வீட்டில் தூங்குகிறார். சுத்திகரிப்பான் விற்பது குற்றமில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது உயிர்காக்கும் பொருள். ஆனால் வாங்க வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அறைக்குள் தப்பித்துப் போய்விட்டால், வெளியில் இருக்கும் காற்றுக்காகக் குரல் கொடுக்க யார் மிஞ்சுவார்கள்? குரலுக்குச் செல்வாக்கு உள்ளவர்கள்தானே முதலில் தப்பிக்கிறார்கள்? தப்பிக்க வழி விற்கும் தொழிலின் மீது இருக்கும் கடுமையான அறக்குறை இதுதான்.

அதனால் அரசை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. டெல்லியின் காற்றில் ஒருமுறை பெரிய மாற்றம் வந்தது: வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் இட்ட ஆணையால், 2002 முடிவதற்குள் நகரின் டீசல் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. தொழில் அதன் பின்னால் வந்தது. டீசல் ஜெனரேட்டரின் கரியைப் பிடித்து மையாக்கும் கருவியை உருவாக்கிய சக்ர இன்னோவேஷன் போன்ற ஐஐடி இளைஞர்களின் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2023இல் தலைநகர் மண்டலக் காற்றுத்தர மேலாண்மை ஆணையம் ஜெனரேட்டர்களுக்கு விதியை இறுக்கியதால்தான் அப்படிப்பட்ட கருவிகளுக்கு நிலையான தேவை பிறந்தது. அரசும் தவறு செய்யும். 2021இல் சுமார் 20 கோடி ரூபாயில் கொனாட் பிளேஸில் நிறுத்திய புகைக் கோபுரம் நகரின் காற்றை மாற்றவில்லை. ஆனால் தவறு செய்த அரசைத் தேர்தலில் கேள்வி கேட்கலாம். மூடிவிட்டுப் போன நிறுவனத்தைப் பஞ்சாப் விவசாயி எங்கே போய்க் கேட்பார்?

இளைஞர்கள் மீதும் ஓர் அநீதி நடக்கிறது. பல பத்தாண்டுகளாக நீர், விலை, மின்மானியக் கொள்கைகள் சேர்ந்து உருவாக்கிய சிக்கலை, முப்பது வயதுகூட ஆகாத ஒருவரை மேடையில் நிறுத்தி, நீ தீர்த்துவிடுவாய் என்று கைதட்டுகிறார்கள். இரண்டு கோடி டன்னுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்தின் இயந்திரங்கள் எத்தனை இருந்தாலும் குறைவுதான். அதைச் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். சொன்னால் பரிசையும் முதலீட்டையும் இழக்காத நிலை நமக்கு வேண்டும்.

இந்தியாவில் சமூகத் தொழிலுக்கென்று தனிச் சட்ட வடிவம் இல்லை. லாபநோக்கற்ற நிறுவனத்துக்குக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு இருக்கிறது. 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட சமூகப் பங்குச் சந்தைக்கு 2022இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதிகள் வகுத்தது. 2023 டிசம்பரில் முதல் அமைப்பு அதில் பட்டியலிடப்பட்டது. அதன் வழியே பணம் திரட்டும் அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்க அறிக்கை தர வேண்டும். நல்ல தொடக்கம். அந்த அறிக்கைகளில் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் நம்பி நட்டப்பட்டார்கள், அவர்களுக்கு என்ன ஈடு கொடுத்தோம் என்றும் எழுதக் கட்டாயம் வர வேண்டும்.

அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வைக்கோல் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் விவசாயியோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்: ஒரு டன்னுக்கு இன்ன விலை, இன்ன தேதிக்குள் வயலைக் காலிசெய்து தராவிட்டால் இன்ன ஈட்டுத்தொகை. பணம் போடுபவர்களும் பரிசு கொடுப்பவர்களும் முதலில் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.